சிறு மாதிரிகளை அளப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் கணிசமானவை வடசென்னையிலிருந்து வந்தவை. விரல் நுனியில் நிற்கும் அளவுள்ள மாதிரிகளின் நீள அகலங்களையும் பருமனையும் ஆய்வகத்தில் எப்படி நம்பகமாக அளப்பது என்பதைப் பற்றியே அவற்றில் பல கேட்டிருந்தன. ஆகவே அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: முதுகலை விலங்கியல் படிக்கிறேன். காசிமேட்டில் வாங்கும் கத்தாளை மீன்களின் செவிக்கற்களை (காதுக்குள் இருக்கும் சிறு கற்களை) எடுத்து, மீனின் நீளத்தோடு ஒப்பிடுவது என் ஆய்வு. ஒரு கல்லின் பருமனை அறிய அதை 10 மி.லி. அளவுசாடியில் போட்டேன்; நீர்மட்டம் உயர்ந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. வேறு வழி உண்டா?
– ஒரு மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் கண்ணில் குறையில்லை, அந்தச் சாடியால் இந்த வேலை ஆகாது. சுமார் 10 மி.மீ. நீளம், 6 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிப்புள்ள ஒரு செவிக்கல்லை நீள்வட்டத் திண்மம் (நசுக்கிய உருண்டை போன்ற வடிவம்) என்று வைத்துக்கொண்டு, மூன்று அளவுகளின் பெருக்கற்பலனை 0.52 ஆல் பெருக்கினால், அதன் பருமன் 94 கன மி.மீ., அதாவது 0.094 மி.லி. 10 மி.லி. சாடியில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் 0.1 அல்லது 0.2 மி.லி. உங்கள் கல் ஒரு கோட்டளவுகூட நீரை உயர்த்தாது. இதில் பிறைத்தளத்தின் (சாடியில் நீரின் வளைந்த மேற்பரப்பின்) அடிவிளிம்பைக் கணிப்பதில் வரும் தடுமாற்றமும், கண்ணை நேர்மட்டத்தில் வைக்காததால் வரும் இடமாறு தோற்றப்பிழையும் சேர்ந்துகொண்டால் மிஞ்சுவது ஊகம் மட்டுமே.

இத்தகைய சிறிய மாதிரிகளுக்கு நீர்மட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தராசைப் பாருங்கள் என்பதே எங்கள் உறுதியான பரிந்துரை. மில்லிகிராம் காட்டும் மின்னணுத் தராசு உங்கள் துறையில் கட்டாயம் இருக்கும். 50 மி.லி. முகவையில் பாதியளவு நீர் எடுத்துத் தராசுத் தட்டில் வையுங்கள். தராசைத் தொடாமல், அருகில் தனியாக ஒரு தாங்கியை நிறுத்தி, அதிலிருந்து மெல்லிய கம்பியில் செய்த சிறு கூட்டை நீருக்குள் தொங்கவிடுங்கள். கூடு மட்டும் மூழ்கியிருக்கும் நிலையில் தராசைச் சுழியாக்குங்கள். பிறகு கூட்டை வெளியே எடுத்து, கல்லை அதில் வைத்து, கம்பியில் முன்பே இட்ட அடையாளம் வரை அதே ஆழத்துக்கு மீண்டும் இறக்குங்கள். நீர் கல்லை எந்த விசையோடு மேலே தள்ளுகிறதோ அதே விசையோடு கல்லும் நீரைக் கீழே தள்ளும். தராசு காட்டும் கூடுதல் எடை அந்த விசைதான். ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி அது கல் விலக்கிய நீரின் எடைக்குச் சமம். அதை நீரின் அடர்த்தியால் வகுத்தால் பருமன் கிடைத்துவிடும்.

இனி, எளிதாகத் தோன்றும் இந்த முறையில் எங்கெல்லாம் பிழை புகும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதலாவது, கல்லோ கூடோ முகவையின் அடியையோ சுவரையோ தொடக்கூடாது. அடியைத் தொட்டுவிட்டால் கல்லின் எடையில் ஒரு பகுதியும் தராசில் ஏறி, பருமன் இரண்டு மடங்காகவோ அதற்கு மேலோ தோன்றும். இரண்டாவது, நீரைக் கிழித்துக்கொண்டு இறங்கும் கம்பியைப் பரப்பு இழுவிசை பற்றி இழுக்கும். 0.1 மி.மீ. விட்டமுள்ள கம்பியில்கூட இந்த இழுப்பு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம். உங்கள் கல் விலக்கும் நீரே 94 மில்லிகிராம்தான் என்பதால் இதை அலட்சியம் செய்ய முடியாது. கூட்டை முதலிலேயே மூழ்கவைத்துச் சுழியாக்கச் சொன்னது இதற்காகத்தான். கம்பி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. ஒரே ஒரு கம்பி மட்டும் நீர்ப்பரப்பைக் கடக்கட்டும்.

மூன்றாவது பிழை காற்றுக்குமிழி. மூன்றிலும் மோசமானது இதுதான். 1 மி.மீ. விட்டமுள்ள ஒரு குமிழியின் பருமன் 0.52 கன மி.மீ. அப்படி ஒன்று ஒட்டிக்கொண்டாலே உங்கள் விடையில் அரை விழுக்காட்டுக்கு மேல் பிழை வரும். செவிக்கல்லின் உட்புறத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறதே, குமிழிகள் விரும்பித் தங்கும் இடம் அதுதான். காய்ச்சி ஆறவைத்த நீரைப் பயன்படுத்துங்கள். அதில் ஒரு துளி சோப்புக் கரைசல் விடுங்கள். கல்லை முதலில் வேறொரு கிண்ணத்து நீரில் நனைத்து, மெல்லிய தூரிகையால் பள்ளத்தைத் தடவிவிட்டுப் பிறகு கூட்டில் வையுங்கள். லென்ஸ் வழியாக ஒருமுறை பார்த்து உறுதி செய்த பின்னரே தராசைப் படியுங்கள்.

வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 30 டிகிரி செல்சியசில் நீரின் அடர்த்தி மி.லி.க்கு 0.9957 கிராம், அதை 1 என்று வைத்துக் கணக்கிட்டால் 0.4 விழுக்காடு குறைத்துச் சொல்லிவிடுவீர்கள். நம் ஊர் வெயிலில் முகவை நீர் ஆவியாகித் தராசின் எண் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், கல்லை எடுத்த பிறகு வெறுங்கூட்டை மறுபடி இறக்கிப் பார்த்து, தொடக்கச் சுழிக்கும் இறுதிச் சுழிக்கும் சராசரி எடுப்பது நல்லது. மின்விசிறியை நிறுத்துவது புழுக்கமாக இருந்தாலும் அவசியம்.

கிடைத்த விடை சரிதானா என்று சோதிக்க உங்களுக்கு ஓர் அருமையான வாய்ப்பு இருக்கிறது. செவிக்கல் பெரும்பாலும் அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அதன் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.93 கிராம். கல்லில் சிறிதளவு புரதமும் கலந்திருப்பதால் உங்கள் மாதிரியின் அடர்த்தி அதைவிடச் சற்றுக் குறைவாக வர வேண்டும். உலர்ந்த கல் 0.270 கிராம் எடையும், நீரில் தராசு காட்டிய கூடுதல் 0.0945 கிராமும் என்றால், பருமன் 0.0949 மி.லி., அடர்த்தி 2.85, இது ஏற்கத்தக்க விடை. 2.4 என்று வந்தால் குமிழி ஒட்டியிருக்கிறது, அல்லது கூடு எங்கோ தொட்டிருக்கிறது. 3.1 என்று வந்தால் சுழியாக்கியதில் தவறு, அல்லது கல் முழுதாக மூழ்கவில்லை. ஒவ்வொரு கல்லுக்கும் இந்த அடர்த்தியை அட்டவணையில் ஒரு பத்தியாகவே எழுதிவிடுங்கள். தவறான அளவீடு தானாகவே கண்ணில் படும்.

இன்னொன்று. மீன்களைப் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் இட்டுவைத்துப் பிறகு கல்லை எடுக்காதீர்கள். ஃபார்மலின் நாளடைவில் அமிலத்தன்மை அடைந்து கல்லின் பரப்பையே கரைத்துவிடும். அதன்பின் எவ்வளவு கவனமாக அளந்தாலும் பயனில்லை. மீன் புதிதாக இருக்கும்போதே கல்லை எடுத்து, கழுவி, உலர்த்தி வையுங்கள். இடக்கல்லையும் வலக்கல்லையும் தனித்தனியே குறியிட்டு வைக்கவும் மறவாதீர்கள்.

கேள்வி: எங்கள் செயல்திட்டத்துக்காக அவரை விதைகளை டிஜிட்டல் கேலிபரால் அளந்தோம். ஒரு விதை 11.24, 8.16, 5.90 மி.மீ. என்று வந்தது. நீள்வட்டத் திண்ம வாய்பாட்டின்படி பருமன் 283.3395 கன மி.மீ. என்று எழுதினோம். பேராசிரியர் இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன தவறு?
– இளங்கலை இயற்பியல் மாணவர், வியாசர்பாடி

பதில்: பெருக்கலில் தவறில்லை. அளக்காத இலக்கங்களையும் சேர்த்து எழுதியதுதான் தவறு. கேலிபரின் திரை 0.01 மி.மீ. வரை காட்டினாலும், அத்தகைய கருவிகளின் துல்லியம் பொதுவாக 0.02 அல்லது 0.03 மி.மீ. அளவில்தான் இருக்கிறது. 0.03 என்று வைத்துக்கொண்டால், 5.90 மி.மீ. தடிப்பில் அது 0.5 விழுக்காடு, அகலத்தில் 0.4, நீளத்தில் 0.3. மூன்றும் ஒரே பக்கமாகப் பிழைத்தால் பருமனில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக, அதாவது 3 கன மி.மீ. பிழை வரும். எனவே 283 என்று நிறுத்தி, கூடவே 3 கூட்டியோ குறைத்தோ என்று எழுதுவதே முறை. மிகச் சிறிய பரிமாணத்தில்தான் பிழை விகிதம் பெரிதாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே நேரமும் பொறுமையும் குறைவாக இருந்தால் அவற்றைத் தடிப்புக்கே செலவிடுங்கள். முடிந்தால் தடிப்பை மட்டும் 0.01 மி.மீ. மீச்சிற்றளவுள்ள திருகு அளவியால், அதன் ராட்செட் தலையை (அளவுக்கு மேல் இறுகாமல் நழுவும் முனையை) மட்டுமே திருகி எடுங்கள். தலையை விட்டு உருளையையே முறுக்கினால் விதையின் தோல் அமுங்கும். தாடைகளை மூடிச் சுழிப்பிழையைப் பார்ப்பதை வேலையின் தொடக்கத்திலும் முடிவிலும் செய்யுங்கள். தாடையில் ஒட்டிய ஒரு துகள் அன்றைய அளவீடுகள் அனைத்தையும் கெடுக்கக்கூடும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஐயம் வேறு இருக்கிறது. அவரை விதை நீள்வட்டத் திண்மம்தானா? ஒருபுறம் வெள்ளை முகடும், தட்டையான பக்கங்களும் கொண்ட விதைக்கு அந்த வாய்பாடு தோராயமாகவே பொருந்தும். சில விதைகளின் பருமனை மேலே சொன்ன தராசு முறையில் நேராக அளந்து, அதை நீளம், அகலம், தடிப்பு ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்துப் பாருங்கள். நேரளவு 300 கன மி.மீ. என்று வந்தால் வகுத்த விடை 0.55, வாய்பாட்டில் நீங்கள் எடுத்துக்கொண்டது 0.52. அந்த இரகத்துக்கு உரிய எண்ணைச் சில விதைகளிலிருந்து கண்டுபிடித்துவிட்டால், மீதி விதைகளுக்கெல்லாம் கேலிபரே போதும். விதை நீரை உறிஞ்சும் என்பதால் தானியங்களுக்கு நீருக்குப் பதில் டொலுயீன் என்னும் கரைப்பானைப் பயன்படுத்துவது வழக்கம். அதன் ஆவி தீங்கானது. புகைப்போக்கிப் பேழைக்குள் மட்டுமே, ஆசிரியர் உடனிருக்கக் கையாளுங்கள். பேழை இல்லையென்றால் நீரிலேயே, விதை ஊறுவதற்குள் விரைந்து முடித்துவிடுங்கள்.

கேள்வி: எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிவிட்ட காக்கா ஆழியையும் நம் மட்டியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சிப்பியின் பருமன் என்று எதை எழுதுவது? மூடிய சிப்பியையா, ஓட்டை மட்டுமா?
– கடலுயிரியல் ஆய்வு மாணவர், எண்ணூர்

பதில்: இந்தக் கேள்வியைக் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்பது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. எந்த எல்லைக்கோட்டுக்குள் இருப்பதைப் பருமன் என்கிறோம் என்று தீர்மானிக்காமல் அளப்பதால்தான், ஒரே பொருளுக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண்களைத் தருகின்றன.

சிப்பிக்கு மூன்று பருமன்கள் உண்டு. மூடிய நிலையில் முழுச் சிப்பியின் பருமன், ஓட்டுப் பொருளின் பருமன், இரண்டு ஓடுகளுக்கும் நடுவே சதையும் நீரும் இருக்கும் உட்குழிவின் பருமன். முதலாவதை, உயிருள்ள சிப்பி இறுக மூடியிருக்கும்போது புறத்தே ஒட்டிய சேற்றையும் நாரையும் நீக்கி, ஈரத்தை ஒற்றியெடுத்து, நீரில் மூழ்கவைத்து அளக்கலாம். இடையில் அது வாய் திறந்தால் அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள். இரண்டாவதை, சதையை நீக்கிச் சுத்தம் செய்த இரண்டு ஓடுகளையும் அதே முறையில் மூழ்கவைத்து அளக்க வேண்டும். ஓட்டைக் கவிழ்த்து இறக்கினால் உட்குழிவில் காற்று சிக்கிக்கொள்ளும், ஆகவே பக்கவாட்டில் சாய்த்து இறக்குங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் உட்குழிவு. உலர்ந்த சதையின் எடையை இந்த உட்குழிவின் பருமனால் வகுத்து 1000 ஆல் பெருக்கினால், சிப்பியின் உடல்நலத்தைக் காட்டும் குறியீடு கிடைக்கும். சிப்பிகளை ஆராய்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் குறியீடு அது. எடை கிராமிலும் பருமன் மில்லிலிட்டரிலும் இருக்க வேண்டும்.

உங்கள் ஒப்பீட்டுக்கு இந்த மூன்றாவது அளவே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. காக்கா ஆழி மத்திய, தென் அமெரிக்கக் கடற்கரைகளிலிருந்து வந்த மெல்லிய ஓட்டு உயிரி; மட்டியின் ஓடோ தடிப்பானது. முழுப் பருமனை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஓட்டின் தடிப்பு வேறுபாட்டைச் சதையின் வேறுபாடாக எண்ணிவிடும் அபாயம் இருக்கிறது. மட்டியை நம்பிப் பிழைக்கும் கழிமுகத்து மக்களின் கவலை, எவ்வளவு சதை கிடைக்கிறது என்பதில்தானே இருக்கிறது. ஆய்வும் அதற்குப் பதில் சொல்லட்டும்.

கேள்வி: எலிகளில் வளரும் கட்டியின் பருமனை, நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்துக் கணக்கிடுகிறார்கள். அந்தப் பாதி எங்கிருந்து வந்தது? அதை நம்பலாமா?
– மருத்துவ மேற்படிப்பு மாணவி, இராயபுரம்

பதில்: நீள்வட்டத் திண்மத்தின் பருமன், மூன்று விட்டங்களின் பெருக்கற்பலனை π (பை) என்னும் எண்ணால் பெருக்கி ஆறால் வகுப்பது. அந்தக் காரணி 0.5236. தோலுக்கடியில் இருக்கும் கட்டியின் உயரத்தை உயிருள்ள எலியில் கேலிபரால் பிடிக்க முடியாது என்பதால் உயரமும் அகலமும் சமம் என்று கொண்டு, காரணியையும் 0.5 என்று சுருக்கிவிட்டார்கள். தைராய்டு மடல்களுக்கும் புராஸ்டேட்டுக்கும் அல்ட்ராசவுண்டில் 0.52 ஆல் பெருக்குவதும் இதே வாய்பாட்டின்படிதான். அங்கே மூன்று விட்டங்களும் நேராகக் கிடைக்கின்றன.

சுருக்கியதால் வரும் பிழை 4.5 விழுக்காடுதான். உயரத்தைப் பற்றிய அனுமானத்தால் வருவதுதான் பெரிய பிழை. நீளம் 10 மி.மீ., அகலம் 8 மி.மீ. என்றால் வாய்பாடு 320 கன மி.மீ. என்கிறது. கட்டி தட்டையாகப் பரவி உண்மையான உயரம் 5 மி.மீ. மட்டுமே என்றால், சரியான பருமன் 209தான். வாய்பாடு ஒன்றரை மடங்கு கூட்டிச் சொல்லிவிட்டது. ஒரே எலியில் வாராவாரம் வளர்ச்சியைத் தொடர்வதற்கு இந்த வாய்பாடு உதவும். ஆனால் ஒரு மருந்து கட்டியைத் தட்டையாக்கினால் அதுவும் பருமன் குறைவாகவோ கூடுதலாகவோ தவறாகப் பதிவாகும். ஆகவே ஆய்வின் முடிவில் கட்டியை வெளியே எடுத்ததும், ஃபார்மலினில் இடுவதற்கு முன்பே, எடை பார்த்து உப்புக்கரைசலில் மூழ்கவைத்துப் பருமனையும் நேராக அளந்து, கேலிபர் கணக்கோடு ஒப்பிட்டு வெளியிடுங்கள். ஃபார்மலினும் அதைத் தொடரும் ஆல்கஹாலும் திசுவைச் சுருக்கும். சிலைடில் அளந்த நீளம் உடலில் இருந்த நீளம் ஆகாது. உப்புக்கரைசலில் மூழ்கவைக்கும்போது அதன் அடர்த்தியால்தான் வகுக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேலிபரைப் பிடிப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். தோலோடு சேர்த்து எவ்வளவு அழுத்துகிறோம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அகலம் வர்க்கமாவதால் அந்த வேறுபாடும் இரட்டிப்பாகும்.

கேள்வி: சிமெண்டின் அடர்த்தியை ஏன் மண்ணெண்ணெயில் பார்க்கிறோம்? அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் அதே முறைதானா?
– பாலிடெக்னிக் மாணவர், அத்திப்பட்டு

பதில்: நீரோடு சேர்ந்தவுடன் சிமெண்ட் வினைபுரியத் தொடங்கிவிடும், மண்ணெண்ணெய் அதைத் தொடாது. இதற்குப் பயன்படும் நீண்ட கழுத்துள்ள லே சாட்டலியர் குடுவையின் கழுத்தில் கீழே 0 முதல் 1 மி.லி. வரையும், மேலே 18 முதல் 24 மி.லி. வரையும்தான் கோடுகள் இருக்கும். 64 கிராம் சிமெண்டைப் போட்டால், அடர்த்தி 3.15 என்ற நிலையில் சுமார் 20 மி.லி. உயரும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது வெப்பநிலையை. மண்ணெண்ணெய் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும், 250 மி.லி. குடுவையில் அது கால் மி.லி. ஆகும். 20 மி.லி. அளவீட்டில் அது ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிழை. முதல் அளவையும் இரண்டாம் அளவையும் எடுக்கும்போது குடுவை ஒரே வெப்பநிலை கொண்ட நீர்த்தொட்டியில் நெடுநேரம் நின்றிருக்க வேண்டும்; இரண்டுக்கும் இடையே 0.2 டிகிரிக்கு மேல் வேறுபாடு கூடாது. சிமெண்டைப் போட்ட பின் குடுவையைச் சாய்த்து உருட்டிக் குமிழிகளை வெளியேற்றவும் வேண்டும்.

சாம்பலுக்கும் முறை அதேதான், ஆனால் விடையைப் படிக்கும் விதம் வேறு. சாம்பலில் உள்ளீடற்ற கண்ணாடிக் கோளங்கள் கலந்திருக்கின்றன. அவற்றில் சில நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானவை. மூடிய கோளத்துக்குள் திரவம் போகாது என்பதால் உள்ளிருக்கும் வெற்றிடமும் துகளின் பருமனாகவே கணக்கில் வரும். அதே சாம்பலை நன்றாக அரைத்துவிட்டு அளந்தால் கோளங்கள் உடைந்து அடர்த்தி உயரும். ஆகவே அரைத்ததா, அரைக்காததா என்பதை அறிக்கையில் எழுதாவிட்டால் அந்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: எங்கள் பள்ளியில் தராசு சரியில்லை. சிறு பொருளின் பருமனை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு எப்படிச் செய்துகாட்டுவது?
– ஆசிரியை, பெரம்பூர்

பதில்: ஒன்றை அளக்க முடியாதபோது ஐம்பதைச் சேர்த்து அளக்கலாம். சைக்கிள் கடையில் பின்சக்கரத்துக்குப் போடும் கால் அங்குல எஃகு பால்ஸ் ஐம்பது வாங்குங்கள். 25 மி.லி. அளவுசாடியில் 15 மி.லி. நீர் எடுத்து, சாடியைச் சாய்த்து, குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டிவிடச் சொல்லுங்கள். மேலிருந்து போட்டால் கண்ணாடிச் சாடி உடையும். உயரும் அளவை ஐம்பதால் வகுத்தால் ஒரு குண்டின் பருமன். பிறகு ஒரு குண்டின் விட்டத்தைத் திருகு அளவியால் எடுத்துக் கோளத்தின் வாய்பாட்டில் இடட்டும். விட்டம் 6.35 மி.மீ. என்றால் ஒரு குண்டு 134 கன மி.மீ., ஐம்பதும் சேர்ந்து 6.7 மி.லி. சாடி 6.5 அல்லது 7 என்று காட்டினால், அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று மாணவர்களிடமே கேளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு வாங்கிய குண்டுகளைச் சோப்பு நீரில் கழுவித் துடைத்த பிறகே பயன்படுத்துங்கள். பிசுக்கு இருந்தால் குமிழி ஒட்டும்.